ஆழமும் அகலமும்



நான் கலைப் பட்டதாரி. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். ஆங்கிலத்தில் வரும் கோப்பை இந்தியிலும், இந்தியில் வருவதை ஆங்கிலத்திலும் ஆக்கித் தருவது என் தொழில். இத்தகைய ஒருவன் நீரின் அழுத்தத்தைப் பற்றிப் பேச முன்வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்தப் பாடத்தை நான் கல்லூரியில் கற்கவில்லை. எங்கள் வீட்டுக் கூரையின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டியிடம் கற்றேன். அதற்குக் கட்டணமும் செலுத்தினேன். அந்தக் கதையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மும்பை செம்பூரில் நாங்கள் வசிக்கும் கட்டடத்திற்குத் தரைத்தளத்தின் மேல் நான்கு மாடிகள். எங்கள் வீடு நான்காம் மாடியில். மாநகராட்சியின் நீர் முதலில் நிலத்தடித் தொட்டியில் வந்து நிறையும். மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து குழாய் வழியே ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்கும். தொட்டிக்கு மிக அருகில் இருப்பவர்கள் நாங்கள். ஆயினும் எங்கள் குளியலறைக் குழாயில் நீர் நூலிழைபோல் ஒழுகும். தரைத்தளத்துக் குழாயிலோ, வாளி அதிரும்படி கொட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தது. நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன்: "தொட்டி சிறியது, ஆகவே நீரும் குறைவு, ஆகவே அழுத்தமும் குறைவு. இதைப்போல் இரு மடங்கு அகலமுள்ள தொட்டி ஒன்று கட்டுவோம். நீரின் கனம் கூடும். கனம் கூடினால் வேகமும் கூடும்." கேட்டவர்கள் தலையசைத்தார்கள். தரைத்தளத்தில் வசிக்கும் மராத்தியப் பெரியவர் ஒருவர் மட்டும் மறுத்தார். அவர் தம் இளமையில் பரேல் பகுதியில் ஒரு பஞ்சாலையின் கொதிகலன் அறையில் வேலை செய்தவர். "உயர்த்துங்கள், அகலப்படுத்தாதீர்கள்" என்று மராத்தியில் இரண்டே சொற்களில் சொன்னார். "உங்களுக்கு நீர் நன்றாக வருகிறது, ஆகவே செலவுக்கு அஞ்சுகிறீர்கள்" என்று நான் அவரைச் சாடினேன். அவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மராத்தி நன்றாகத் தெரியும். அவர் சொன்ன சொற்கள் விளங்கின. பொருள் விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய இழுக்கு இல்லை.

குடும்பத்திற்கு நாலாயிரம் ரூபாய் வீதம் திரட்டிப் புதிய தொட்டி கட்டினோம். திறந்த நாளன்று ஆவலோடு குழாயைத் திருகினேன். அதே நூலிழை. மழைக்காலம் முடிந்தபோது எங்கள் படுக்கையறைக் கூரையில், தொட்டி நிற்கும் இடத்திற்கு நேர் கீழே, மெல்லிய விரிசல் ஒன்று தோன்றியிருந்தது.

அப்பொழுது என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். மகாராஷ்டிர மாநிலப் பாடநூலில் அவ்வகுப்பின் பௌதிகத்தில் பாய்மங்களைப் பற்றிய அதிகாரம் ஒன்று உண்டு. பாய்மம் என்பது நீர், காற்று போல ஓடும் இயல்புடைய பொருள். ஒரு நாள் மாலை அவள் கணக்கொன்றைப் போட்டு, விடை தவறிப்போய், நோட்டுப் புத்தகத்தைத் தள்ளிவைத்தாள். "அப்பா, அழுத்தமும் விசையும் ஒன்றுதானே? ஏன் இரண்டு பெயர்?" என்று கேட்டாள். நானும் ஒன்றுதான் என்றே எண்ணியிருந்தேன். ஆயினும் ஒன்றுக்கு இரண்டு பெயர் இருக்குமானால் நடுவே ஒரு வேறுபாடு இருக்க வேண்டும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த பாடம். ஆகவே இருவரும் சொற்களிலிருந்தே தொடங்கினோம்.

ஆங்கிலத்தில் 'பிரஷர்' என்பதை நாம் அழுத்தம் என்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அமுக்கம் என்கின்றன. இந்தியிலும் மராத்தியிலும் 'தாப்' என்பார்கள். 'போர்ஸ்' என்பது நமக்கு விசை, அவர்களுக்குப் 'பல்'. நம் வாயில் அச்சொல் வேறு பொருள் தருவது கண்டு மகள் சிரித்தாள். சிரித்ததனால் அது அவள் நினைவில் நின்றது. எந்த மொழியில் பார்த்தாலும் சொற்கள் இரண்டு. ஆகவே பொருள்களும் இரண்டு. விசை என்பது ஒரு பரப்பின் மீது விழும் மொத்தத் தள்ளுதல்; அதை நியூட்டன் என்னும் அலகில் அளக்கிறோம். அழுத்தம் என்பது அந்தத் தள்ளுதலில் ஒரு சதுர மீட்டருக்கு உரிய பங்கு. அதன் அலகு பாஸ்கல். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன். 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் நினைவாக 1971-இல் உலகம் ஏற்றுக்கொண்ட பெயர் அது. வரியைச் சொல்லும்போது, ஊர் முழுவதும் கட்டும் தொகை ஒன்று. தலைக்கு இவ்வளவு என்பது ஒன்று. விசை மொத்தத் தொகை; அழுத்தம் தலைவரி. இரண்டையும் குழப்பினால் எந்தக் கணக்கும் தேறாது.

நீருக்குள் இந்தத் தலைவரியைத் தீர்மானிப்பது எது? நிலையாக நிற்கும் நீரில் ஒரு புள்ளியின் அழுத்தம், மேல்மட்டத்திலிருந்து அப்புள்ளி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதையே பொறுத்தது. நீரின் அடர்த்தி, புவியீர்ப்பின் அளவு, ஆழம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். ஒரு கன மீட்டர் நீர் 1,000 கிலோகிராம். புவியீர்ப்பு 9.8, கணக்கு எளிதாகும்பொருட்டு 10 என்று கொள்வோம். ஆக ஒவ்வொரு மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ 10,000 பாஸ்கல். இந்த ஒரே எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் கணக்குகள் வாய்க்கணக்காகவே முடிந்துவிடும். அகலமும் நீளமும் மொத்த நீரின் அளவும் இந்தப் பெருக்கலில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மகளும் நானும் எங்கள் தொட்டியையே கணக்காக எழுதினோம். முதலில் படம். படத்தில் முதற்கோடு நீரின் மேல்மட்டம். அங்கிருந்து எங்கள் குழாய்வாய் வரை செங்குத்தாக 3 மீட்டர். ஆகவே 30,000 பாஸ்கல். குழாய் சுவரோடு வளைந்து நெளிந்து 12 மீட்டர் ஓடி வந்தாலும், எடுக்க வேண்டியது செங்குத்து ஆழம் 3 மீட்டரையே. நீளத்தை ஆழமாகக் கொள்வது மாணவர் செய்யும் முதல் தவறு. தரைத்தளத்துக் குழாய் எங்களுடையதற்கு 12 மீட்டர் கீழே. ஆகவே அதன் ஆழம் 15 மீட்டர். அழுத்தம் 1,50,000 பாஸ்கல். எங்களுக்குக் கிடைப்பதைப்போல் ஐந்து மடங்கு. நீர் ஓடத் தொடங்கியதும் குழாயின் உராய்வு சிறிது பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆயினும் மூலதனம் இதுதான். தரைத்தளத்தார் எங்கள் நீரைப் பறிக்கவில்லை. ஆழத்தில் இருந்தார்கள், அவ்வளவே.

அடுத்து, நான் கட்டுவித்த தொட்டிக்கு வந்தோம். பழைய தொட்டியின் அடித்தளம் 2 மீட்டருக்கு 2 மீட்டர். நீரின் ஆழம் 1 மீட்டர். அடியில் அழுத்தம் 10,000 பாஸ்கல். அடித்தளத்தின் பரப்பு 4 சதுர மீட்டர். பெருக்கினால் விசை 40,000 நியூட்டன். அஃதாவது 4 டன் நீரின் கனம். புதிய தொட்டி 4 மீட்டருக்கு 2 மீட்டர். நீரின் ஆழம் அதே 1 மீட்டர். அடியில் அழுத்தம் அதே 10,000 பாஸ்கல். ஆனால் பரப்பு 8 சதுர மீட்டர். ஆகவே விசை 80,000 நியூட்டன். மகள் பென்சிலைக் கீழே வைத்து நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, குழாய்க்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கூரைக்குத்தான் இரண்டு பங்கு சுமை கிடைத்தது" என்றாள். நானும் மேலே விரிசலைப் பார்த்தேன். அழுத்தத்திற்கும் விசைக்கும் உள்ள வேறுபாடு எங்கள் தலைக்கு மேலேயே எழுதியிருந்தது.

இந்த உண்மை உடனே மனத்திற்கு இசைவதில்லை. 1586-ஆம் ஆண்டிலேயே ஸ்டெவின் என்னும் பிளெமிய அறிஞர் இதை எழுதிவைத்தார். இன்றும் மாணவர் திகைக்கிறார்கள். அடிப்பரப்பு சமமாக உள்ள மூன்று பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று நேரான டபரா. ஒன்று மேல்நோக்கி அகன்று விரிந்தது. ஒன்று மேலே செல்லச் செல்லக் குறுகியது. மூன்றிலும் ஒரே உயரத்திற்கு நீர் ஊற்றினால், உள்ளே அடித்தட்டின் மீது நீர் செலுத்தும் விசை மூன்றிலும் ஒன்றே. விரிந்த பாத்திரத்தில் அதிகமாக உள்ள நீரின் கனத்தைச் சாய்ந்த பக்கச்சுவர்கள் தாங்கிக்கொள்கின்றன. குறுகிய பாத்திரத்தில் நீர் சாய்ந்த சுவர்களை மேல்நோக்கித் தள்ள, அச்சுவர்கள் பதிலுக்கு நீரைக் கீழ்நோக்கித் தள்ளி, குறைந்த கனத்தை ஈடுசெய்கின்றன. தராசில் வைத்தாலோ மூன்றின் எடையும் வேறுவேறாகவே காட்டும். அடித்தட்டின் மீதுள்ள விசையைக் கேட்கிறார்களா, பாத்திரத்தின் எடையைக் கேட்கிறார்களா என்று பார்த்து எழுதாதவர்களுக்கு மதிப்பெண் போகும். கேள்வியைச் சரியாகப் படிப்பது பாதிக் கணக்கு என்று ஒரு மொழிபெயர்ப்பாளன் சொன்னால் நீங்கள் வியக்கமாட்டீர்கள்.

அடித்தளத்தை விட்டுப் பக்கச்சுவருக்கு வந்தால் புதிய சிக்கல் ஒன்று தோன்றும். சுவரின் மேல்விளிம்பில் அழுத்தம் இல்லை. அடியில் முழு அழுத்தம். எதை எடுத்துப் பெருக்குவது? செங்குத்தான செவ்வகச் சுவராயின் இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். அஃதாவது அடி அழுத்தத்தில் பாதி. இதற்கு நாம் எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி என்று தமிழ்ச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். தஞ்சை மாவட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள் அந்த எண்ணைக் கேட்டே ஊரில் நாற்று நடவு உண்டா என்று அறிவார்கள். முழுமட்டம் 120 அடி, ஏறத்தாழ 36.5 மீட்டர். கணக்கிற்காகச் சுவரைச் செங்குத்தாகவும், நீரின் ஆழம் அந்த அளவே என்றும் கொள்வோம். அடியில் 3,65,000 பாஸ்கல், சராசரி 1,82,500. ஒரு மீட்டர் அகலமுள்ள சுவர்த்துண்டின் பரப்பு 36.5 சதுர மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 66 லட்சம் நியூட்டன்; 660 டன்னுக்கும் மேற்பட்ட கனம் பக்கவாட்டில் சாய்ந்து தள்ளுவது போல.

நீர்மட்டம் 60 அடிக்கு இறங்கிவிட்டால் விசையும் பாதியாகும் என்று தோன்றும். அவ்வாறன்று. சராசரி அழுத்தமும் பாதி, நனைந்த பரப்பும் பாதி. ஆகவே விசை நாலில் ஒரு பங்கு. திருப்பிச் சொன்னால், ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அணையின் அடிப்பாகம் மேற்பாகத்தைவிடப் பருத்திருப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஏரி அணைக்குப் பின்னால் ஒரு மைல் நீண்டு கிடந்தாலும், இருபது மைல் நீண்டு கிடந்தாலும், நிலையான நீரில் சுவர் தாங்க வேண்டிய விசை ஒன்றே. எங்கள் தொட்டிக்குரிய நீதியே மேட்டூருக்கும். 1892-இல் அமைந்த தான்சா முதலாக மும்பைக்கு நீர் தரும் ஏழு ஏரிகளுக்கும் அதே நீதி. மலபார் குன்றின் தொங்கும் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் நகரத்தின் நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. தேக்கத்தைக் குன்றின் மேல் வைத்த பொறியாளர்கள் எங்கள் தரைத்தளத்துப் பெரியவரின் கட்சியைச் சேர்ந்தவர்கள்.

இங்கே ஒரு ஐயம் எழும். நீரின் மேல்மட்டத்தின் மீது காற்றும் ஏறத்தாழ ஒரு லட்சம் பாஸ்கல் அளவில் அழுத்துகிறதே, அதைக் கூட்ட வேண்டாவா? நீரின் அடியிலுள்ள மொத்த அழுத்தத்தைக் கேட்டால் கூட்ட வேண்டும். அணைச்சுவரைத் தள்ளும் நிகர விசையைக் கேட்டால் வேண்டா; ஏனெனில் சுவரின் மறுபக்கத்திலும் அதே காற்று எதிராகத் தள்ளி அதை நீக்கிவிடுகிறது.

இக்கணக்குகளைப் போட மகளோடு ஞாயிறுதோறும் இன்னொரு மாணவன் வரத் தொடங்கினான். மாட்டுங்காவில் அவளுடன் படிப்பவன், வீடு தாராவியில். தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோற்பை செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவர். சிறுவயதில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்துப் பின் ஆங்கில வகுப்புக்கு மாறியவன் அவன். பாஸ்கலின் விதியை ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பான்; கணக்கில் தவறுவான். கணக்கு இது: அடைபட்ட எண்ணெயின் ஒரு முனையில் 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உந்துதண்டு, மறுமுனையில் 20 சென்டிமீட்டர். சிறியதை 50 நியூட்டன் விசையால் அழுத்தினால் பெரியதில் எவ்வளவு? குறுக்களவு பத்து மடங்கு என்பதால் அவன் 500 என்று எழுதினான். அழுத்தம் எங்கும் சமம். விசையோ பரப்பைப் பொறுத்தது. குறுக்களவு பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்கு. ஆகவே விடை 5,000 நியூட்டன்.

"உன் தந்தையாரின் பட்டறையில் தோலில் பூவேலை பதிக்கும் அழுத்துபொறி இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்கிறது ஐயா, கைப்பிடியை அடித்து அடித்து ஏற்றுவார்" என்றான். "அதுதான் இந்தக் கணக்கு" என்றேன். அவன் என்னை நம்பாதவன்போலப் பார்த்தான். ஒரு கேள்வியை மட்டும் கொடுத்து அனுப்பினேன்: எத்தனை தடவை அடித்தால் மேற்பலகை எவ்வளவு ஏறும்?

அடுத்த ஞாயிறு தந்தையாரின் விடையோடு வந்தான். "ஐம்பது தடவை அடித்தாலும் அரை விரற்கடைதான் ஏறும். இழுக்கிற தூரத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறோம். சும்மா யார் தருவார்கள்?" என்று அவர் சொன்னாராம். ஒவ்வொரு தடவையும் சிறிய தண்டு 2 சென்டிமீட்டர் இறங்கினால், பரப்பு நூறு மடங்கான பெரிய தண்டு 0.02 சென்டிமீட்டரே ஏறும்; ஐம்பது தடவைக்கு 1 சென்டிமீட்டர். அரை விரற்கடை ஏறத்தாழ அதுவே. எட்டாம் வகுப்பைத் தாண்டாத அந்த மனிதர், விதியின் இரண்டாம் பாதியைத் தம் தோள்வலியால் அறிந்துவைத்திருந்தார். மகன் முதல் பாதியை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தான். இருவரும் ஒரே அறையில் உண்டு உறங்கியும், இரண்டு பாதிகளும் அதுவரை சந்திக்கவில்லை. அன்று முதல் அவன் இவ்வகைக் கணக்கில் தவறியதில்லை.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நம் குழந்தைகள் வகுப்பில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வளர்கிறார்கள். "எனக்கு ஆங்கிலம் வராது, பௌதிகம் தெரியாது" என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. குழந்தை கணக்கோடு திணறும்போது அருகில் அமர்ந்து, தமிழிலேயே நான்கு கேள்விகள் கேளுங்கள். நீரின் மேல்மட்டம் எங்கே? அங்கிருந்து செங்குத்தாக எவ்வளவு ஆழம்? கேட்டிருப்பது அழுத்தமா, விசையா? விசையாயின் எந்தப் பரப்பின் மீது, அந்தப் பரப்பு எத்தனை சதுர மீட்டர்? ஒரு சதுர மீட்டரில் நூறு அல்ல, 10,000 சதுர சென்டிமீட்டர் இருக்கின்றன என்பதையும் நினைவூட்டுங்கள். விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டா. கேள்விகளுக்கு விடை சொல்லச் சொல்லக் குழந்தைக்கே வழி தெரிந்துவிடும்.

தொட்டியின் கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த கூட்டத்தில் மகள் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு போனேன். தரைத்தளத்துப் பெரியவரிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்து, "இதைத்தானே சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்துக் காட்டினோம். அகலத் தொட்டியில் நீரின் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். மேல்மாடி வீடுகளுக்கென்று சிறிய தொட்டி ஒன்றை, தூண்களின் தலைக்கு நேரே இரும்புத் தாங்கியின் மேல், 2 மீட்டர் உயரத்தில் வைக்க இசைந்தார். இப்போது எங்கள் குழாய்க்கு ஆழம் 5 மீட்டர். அழுத்தம் 50,000 பாஸ்கல். வாளி அதிராவிட்டாலும் விரைவில் நிறைகிறது. கூரையின் விரிசலைப் பூசிவிட்டார்கள். பூச்சின் தடம் மட்டும் இருக்கிறது. அதை வெள்ளையடித்து மறைக்க வேண்டா என்று சொல்லிவிட்டேன்.